ஆசிரியருக்கும் விடை தெரியாத கேள்வி

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் வினா வகைகளைப் பற்றி ஓர் இலக்கணப் பாடம் இருக்கிறது. நன்னூல் சொல்லும் ஆறு வகை: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. விடை தனக்குத் தெரியும், எதிரில் நிற்பவருக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காகக் கேட்பது அறிவினா. அதற்கு வழக்கமாகத் தரும் எடுத்துக்காட்டு, ஆசிரியர் மாணவரிடம் கேட்பது. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. அதற்கு எடுத்துக்காட்டு, மாணவர் ஆசிரியரிடம் கேட்பது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று நம் பகுதியில் சொல்வதுண்டு. அப்படியானால் அவரும் கொங்கு நாட்டு வாத்தியார்தான்.

ஒரு நாளில் நாம் வகுப்பில் கேட்கும் கேள்விகளை எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே அறிவினா. "ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?" "வட்டத்தின் பரப்பளவுக்குச் சூத்திரம் என்ன?" கேட்கும்போதே விடை நம் கையில் இருக்கிறது. அது பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே அவர்கள் கேள்வியைப் பற்றி யோசிப்பதில்லை. "சார் என்ன விடையை எதிர்பார்க்கிறார்?" என்று யோசிக்கிறார்கள். அறிவினா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாய்ப்பாடு தெரிகிறதா, கலைச்சொல் நினைவிருக்கிறதா என்று பார்க்க அதுதான் வேண்டும். ஆனால் பாடத்தை நகர்த்தும் வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது. அதற்கு ஆசிரியர் அறியாவினாவும், ஐயம் தீரக் கேட்கும் ஐயவினாவும் கேட்கப் பழக வேண்டும். அப்படிப்பட்ட கேள்விகளை எப்படித் தயாரிப்பது என்பதே இந்த அத்தியாயம்.

திருப்பூர் ஆசிரியருக்கு இதில் ஒரு வசதி உண்டு. சேலத்திலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ மாறுதலாகி இங்கே வந்தவருக்கு ஓவர்லாக்குக்கும் பேட்லாக்குக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. ஆறாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். நிட்டிங், சாயப்பட்டறை, காம்பேக்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பனியன் தொழிலின் மொத்த வரிசையும் நம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் பங்கு பங்காக உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியருக்கு நிஜமாகவே தெரியாத, மாணவருக்குப் பாதி தெரிந்த விஷயம் வகுப்பில் இவ்வளவு குவிந்திருக்கும் ஊர்கள் குறைவு. நடிக்காமல் அறியாவினா கேட்கலாம்.

பட்டியலை நம்பாதீர்கள்

சிந்திக்கவைக்கும் கேள்வி என்றதும் பயிற்சிகளில் முதலில் நம் கையில் தருவது பெஞ்சமின் புளூமின் அடுக்கு. 1956இல் வந்தது: அறிதலில் தொடங்கி மேலே மேலே போகும் படிநிலை. படிநிலையில் தவறில்லை. அதைப் பயன்படுத்தும் முறையில்தான் கோளாறு. "கூறுக" என்று இருந்த இடத்தில் "பகுப்பாய்க" என்று போட்டுவிட்டால் கேள்வி மேல்படிக்குப் போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறோம். "நொய்யல் ஆறு மாசடைந்ததற்கான காரணங்களைப் பகுப்பாய்க" என்று கேட்டாலும் நோட்டில் எழுதிப்போட்ட ஐந்து காரணங்களையே பிள்ளை திரும்ப எழுதும். வினைச்சொல் மாறியது, வேலை மாறவில்லை.

நம் பாடநூல்களின் பின்பகுதியில் "சிந்தனை வினா", "உயர் சிந்தனை வினாக்கள்" என்று தலைப்பே இருக்கிறது. அவற்றில் நல்லவை பல உண்டு. ஆனால் கடையில் விற்கும் கைடுகள் அவற்றுக்கும் விடை அச்சிட்டுவிடுகின்றன. விடை அச்சான அன்றே சிந்தனை வினா மனப்பாட வினாவாகிவிடும். எனவே உங்கள் கேள்வி கைடுக்குள் போகாததாக இருக்க வேண்டும். அதற்கு எளிய வழி, அது உங்கள் தெருவைப் பற்றியதாக இருப்பது. உங்கள் தெருவுக்கு யாரும் கைடு போடப்போவதில்லை.

முரணைத் தேடுங்கள்

கேள்வி தயாரிக்கப் பல வழிகள் சொல்வார்கள். நான் ஒன்றைத்தான் முதலில் கற்றுக்கொள்ளச் சொல்வேன்: பாடத்தோடு தொடர்புள்ள இரண்டு உண்மைகளை, ஒன்றோடொன்று மோதுவதுபோல் தெரிகிற இரண்டை, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கேள்வி தானாக வரும். நீங்கள் "ஏன்" என்றுகூடச் சொல்ல வேண்டியிருக்காது.

நூல் கவுண்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 20ஆம் கவுண்ட் நூல் தடிமன், 30ஆம் கவுண்ட் மெலிது, 40ஆம் கவுண்ட் இன்னும் மெலிது. இது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எண் கூடக் கூடப் பொருள் பெரிதாக வேண்டும் என்பது பிள்ளைகள் சின்ன வகுப்பிலிருந்து கொண்டுவரும் நம்பிக்கை. இங்கே எண் கூடினால் நூல் மெலிகிறது. அதே கடையில் பாலியஸ்டர் நூலை டீனியர் கணக்கில் விற்கிறார்கள். அங்கே எண் கூடினால் நூல் தடிக்கிறது. இரண்டு கோன்களை மேசைமேல் வைத்து, "இவங்க ரெண்டு பேர்ல யார் தப்பா எண்ணறாங்க?" என்று கேட்டால் போதும்.

இருவரும் சரியாகத்தான் எண்ணுகிறார்கள். பருத்தி நூலுக்கு எடையை நிலையாக வைத்துக்கொண்டு நீளத்தை எண்ணுகிறோம்: ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டங்கள் எத்தனை இருக்கின்றனவோ அதுவே கவுண்ட். டீனியரில் நீளத்தை நிலையாக வைத்துக்கொண்டு எடையைச் சொல்கிறோம்: 9,000 மீட்டருக்கு எத்தனை கிராம். நேர்மாறல், எதிர்மாறல் என்று பாடநூலில் சாலைபோடும் ஆட்களையும் நாட்களையும் வைத்து நடத்துவதை இரண்டு கோன்களில் நடத்திவிடலாம். கணக்கை மேலும் ஓட்டினால் 30ஆம் கவுண்ட் நூல் ஒரு கிலோவில் சுமார் 50 கிலோமீட்டர் நீளம் வரும். திருப்பூரிலிருந்து கோயம்புத்தூருக்கு ஏறத்தாழ அவ்வளவு தூரம். இந்த விடையை நீங்கள் சொல்லாதீர்கள். கணக்குப் போட்ட பிள்ளை தானே கண்டுபிடித்து, தப்பாகிவிட்டதோ என்று திரும்பவும் போட்டுப் பார்க்கட்டும்.

வரலாற்றுக்கும் இது பொருந்தும். திருப்பூர் குமரன் பாடத்தில் நாம் வழக்கமாகக் கேட்பது பிறந்த ஊர், இறந்த ஆண்டு. சென்னிமலை, 1932. இரண்டும் அறிவினா, இரண்டும் ஒரு மதிப்பெண். மாற்றிக் கேளுங்கள்: "கொடி என்பது ஒரு முழத் துணி. அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்த ஆளைப் பார்த்து, பெரிய சேனை வைத்திருந்த அரசாங்கம் ஏன் பயந்தது?" பயந்ததா, கோபப்பட்டதா என்று வகுப்பு முதலில் அதிலேயே சண்டை போடும். போடட்டும். சட்ட மறுப்பு என்றால் என்ன என்பதற்கு அந்தச் சண்டையை விட நல்ல முன்னுரை இல்லை. தினமும் ஆயிரக்கணக்கான முழம் துணியை மடித்து அடுக்குபவர்களின் பிள்ளைகளுக்கு, துணி வெறும் துணியாக இல்லாமல்போவது எப்போது என்ற கேள்வி வேறு ஊர்ப் பிள்ளைகளைவிடக் கூர்மையாகப் படும்.

பத்தாம் வகுப்பில் "அரசாங்கமும் வரிகளும்" நடத்துகிறவர்களுக்கு 2025 ஆகஸ்ட் மாதமே கேள்வி கொடுத்துவிட்டது. அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. அந்த வரியைச் சுங்கத்தில் கட்டுகிறவர் அமெரிக்காவில் இறக்குமதி செய்பவர். இங்கே யாரும் கட்டவில்லை. அப்புறம் இங்கே கம்பெனிகளில் ஆர்டர் ஏன் குறைந்தது? வரியை யார் கட்டுகிறார், யார் சுமக்கிறார் என்ற வேறுபாட்டைப் பொருளியல் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். பிள்ளைகள் அதை அரை மணி நேரத்தில் நெருங்கிவிடுவார்கள்.

புவியியலில் காற்றைப் பிடியுங்கள். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று நாட்டின் பெரும்பகுதிக்கு மழை கொண்டுவருகிறது. நமக்கு அதே மாதங்களில் காற்று மட்டும் வருகிறது. தாராபுரம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன, நிலம் காய்ந்து கிடக்கிறது. பாலக்காட்டுக் கணவாய், மழைமறைவுப் பகுதி என்ற இரண்டு சொற்களும் இந்தக் கேள்விக்குப் பிறகு வந்தால் நினைவில் நிற்கும். வகுப்பில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள் இருந்தால் இந்தக் கேள்வியை அவர்களிடமிருந்தே தொடங்குங்கள். அவர்கள் ஊரில் நெல் நடுவது எந்த மாதம், வெள்ளம் எப்போது வரும் என்பது உங்களுக்கும் தெரியாது, மற்ற பிள்ளைகளுக்கும் தெரியாது. தமிழ் தடுமாறுகிறது என்பதால் ஆண்டு முழுதும் கடைசி பெஞ்சில் இருந்த பிள்ளை அன்று ஒரு நாளாவது வகுப்புக்குத் தேவையானவராக இருப்பார். மொழி போதவில்லையென்றால் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டட்டும், மாதங்களை எண்ணில் சொல்லட்டும்.

ஒரு வட்டத் துண்டு, ஒரு பீரியட்

ஒரு கேள்வியை முழுதாக விரித்துக் காட்டுகிறேன். ஏழாம் வகுப்பு, வட்டத்தின் பரப்பளவு.

துணியின் ஜி.எஸ்.எம். பார்க்க நிட்டிங், காம்பேக்டிங் கம்பெனிகளில் ஒரு சின்ன வட்டக் கட்டர் வைத்திருப்பார்கள். துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் வட்டமாக ஒரு துண்டு வெட்டி வரும். அதைத் தராசில் வைத்து, வந்த கிராமை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற எண் கிடைக்கும். 1.6 கிராம் என்றால் 160 ஜி.எஸ்.எம். அந்த வட்டத் துண்டுகள் கம்பெனியில் குப்பைக்குப் போகின்றன. ஒரு கைப்பிடி வாங்கி வாருங்கள். வகுப்பில் யாராவது ஒருவரின் வீட்டிலிருந்தே வந்துவிடும்.

துண்டுகளைக் கையில் கொடுத்துவிட்டுக் கேள்வியைப் பலகையில் எழுதுங்கள்: "இதை ஏன் வட்டமாக வெட்டினார்கள்? ஏன் இந்த அளவில் வெட்டினார்கள்?"

இரண்டாவது கேள்வியில்தான் உங்கள் பாடம் இருக்கிறது. முதல் கேள்விக்கு உங்களிடம் உறுதியான விடை இல்லாமல் இருக்கலாம். அது நல்லது. பேச்சு சுமாராக இப்படிப் போகும்:

"அந்தக் கட்டரே உருண்டையாத்தானுங் டீச்சர் இருக்கும்."

"சரி, கட்டரை ஏன் உருண்டையா செஞ்சாங்க? பத்துக்குப் பத்து சதுரமா ஒரு கட்டர் செஞ்சிருக்கலாமே?"

"சதுரமா வெட்டுனா மூலை சுருண்டுக்குங். பனியன் துணி ஓரம் சுருளுமுங்."

"கத்திரியில வெட்டுனா இழுத்துக்குங் டீச்சர். அளவு மாறிப்போகும்."

"எங்க மாமா காம்பேக்டிங்ல இருக்காருங். கேட்டுட்டு வரட்டுமா?"

இந்தக் கடைசி வாக்கியம் வந்துவிட்டால் முதல் கேள்வி வேலை செய்துவிட்டது. இப்போது இரண்டாவதற்கு வாருங்கள். கிராமை நூறால் பெருக்கினால் சதுர மீட்டருக்கு வருகிறது என்றால் இந்தத் துண்டின் பரப்பு எவ்வளவாக இருக்க வேண்டும்? ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர். நூறில் ஒரு பங்கு 100. ஆக, பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் வரும்படி ஒரு வட்டம் வேண்டும். ஆரம் எவ்வளவு?

கவனியுங்கள், பாடநூல் கணக்கு இங்கே தலைகீழாகிவிட்டது. வழக்கமாக ஆரம் கொடுத்துப் பரப்பு கேட்பார்கள். இங்கே பரப்பு தெரியும், ஆரம் தெரியாது. ஏழாம் வகுப்பில் வர்க்கமூலம் கைவராத பிள்ளைகள் தடவிப் பார்ப்பார்கள். 5.5 போட்டால் 95க்குப் பக்கம், 5.7 போட்டால் 102. இடையில் எங்கோ இருக்கிறது. ஸ்கேல் வைத்துத் துண்டை அளந்தால் விட்டம் 11.3 சென்டிமீட்டருக்கு ஒட்டி வரும். எண்ணும் துண்டும் ஒத்துப்போகும் அந்தக் கட்டத்தில் நீங்கள் வாயைத் திறக்காமல் இருப்பது முக்கியம்.

வேகமான பிள்ளைகளுக்கு மேலும் ஒன்று வைத்திருங்கள். வெளிநாட்டு பையர் 160 ஜி.எஸ்.எம். கேட்டார். அதே துணியைத் துவைத்துக் காயவைத்து வெட்டினால் 170ஐத் தாண்டுகிறது. துவைத்தால் துணிக்கு எடை கூடுமா? அழுக்கு, ஈரம், சோப்பு என்று எல்லாக் காரணமும் வரும். துணி சுருங்கியதால் அதே வட்டத்துக்குள் அதிக நூல் வந்துவிட்டது என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல அடுத்த நாள்கூட ஆகலாம். ஆகட்டும்.

எட்டாம் வகுப்புக்கு மேல் நிட்டிங் மெஷினுக்கே போகலாம். 30 டயா, 24 கேஜ் என்றால் 30 அங்குல விட்டம், ஓர் அங்குலத்துக்கு 24 ஊசி. மொத்த ஊசி எத்தனை? π-ஐப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 2,260 வருகிறது. சரி, மெஷினின் சுற்றளவு 94 அங்குலம். அதிலிருந்து இறங்கும் துணிக்குழாயின் சுற்றளவு ஏன் அதைவிடக் குறைவு?

நொய்யல்: பெரிய கேள்வியைச் சின்னதாக்குவது

சில கேள்விகள் ஒரு பீரியடில் அடங்காது. அமெரிக்கக் கல்வியாளர்கள் கிராண்ட் விகின்ஸும் ஜே மெக்டையும் 1998இல் எழுதிய நூலில், ஒரு பாடப்பகுதி முழுவதையும் தாங்கி நிற்கும் கேள்வியைப் பற்றி விரிவாகப் பேசினார்கள். முதல் நாள் கேட்பது, ஒவ்வொரு பாடம் முடியும்போதும் திரும்பி வருவது, கடைசி நாளிலும் மிச்சமிருப்பது. நமக்கு அப்படி ஒரு கேள்வி நொய்யலில் ஓடுகிறது.

உண்மைகள் இவை. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணை 1992இல் முடிந்தது. சில ஆண்டுகளில் அதில் தேங்கியது பெரும்பாலும் திருப்பூர் சாயக்கழிவு. கரூர்ப் பக்கத்து ஆயக்கட்டு விவசாயிகள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2006இல் கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத முறைக்கு மாறச் சொல்லி உத்தரவு வந்தது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் விதிகளை நிறைவேற்றும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

இதை வைத்து நாம் கேட்கிற வழக்கமான கேள்வி: "சாயப்பட்டறைகளை மூடியது சரியா, தவறா? விவாதிக்க." இதைக் கேட்காதீர்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். சாயப்பட்டறையில் அப்பா வேலை செய்யும் பிள்ளை ஒரு பக்கம், ஊத்துக்குளிப் பக்கம் தோட்டம் இருக்கிற பிள்ளை மறுபக்கம். யாரும் எதையும் கற்றுக்கொள்ளாமல் மணி அடித்துவிடும். பட்டிமன்றம் நமக்குப் பிடித்த கலை, ஆனால் அதில் விடையை முதலில் பங்கு போட்டுவிட்டுத்தான் யோசிக்கத் தொடங்குகிறோம்.

அறிவியல் வகுப்பில் இப்படிக் கேளுங்கள்: "பாசனத்துக்காகத்தான் அணை கட்டினார்கள். அணையில் தண்ணீரும் இருந்தது. அதைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே ஏன் சொன்னார்கள்?" அதைத் தொடர்ந்து, "கழிவுநீரில் நிறத்தை எடுத்துவிட்டால் நீர் சுத்தமாகிவிட்டதா?" பெரும்பாலான பிள்ளைகள் ஆம் என்பார்கள், கண்ணுக்குத் தெரிவது நிறம்தானே. ஒரு டம்ளரில் சாய நீர், இன்னொன்றில் கல்லுப்பு கரைத்த தெளிந்த நீர். எதைச் செடிக்கு ஊற்றலாம்? பருத்திக்குச் சாயம் ஏற்ற உப்பு நிறையச் சேர்க்கிறார்கள் என்பது பல பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே தெரியும். அந்த உப்பு எங்கே போகிறது என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை. கரைசல், பிரித்தெடுத்தல், ஆவியாதல், சவ்வூடு பரவல் என்று ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை இந்த ஒரு கேள்விக்குப் பாடம் இருக்கிறது. வெளியேற்றும் கழிவுநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வரம்பு. ஒரு டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் பள்ளிக் குழாய் நீரையும் ஆழ்குழாய் நீரையும் அளந்து இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

சமூக அறிவியல் வகுப்பில் சரி, தவறு என்பதை விட்டுவிட்டு இப்படிக் கேளுங்கள்: "தீர்ப்பு எழுதும் முன் மூன்று பேரை மட்டும் விசாரிக்கலாம் என்றால் யார் யாரை விசாரிப்பீர்கள்? ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம், என்ன கேட்பீர்கள்?" இங்கே மாணவர் கேள்வி தயாரிக்கிறார். பட்டறை முதலாளி, கரூர் விவசாயி என்று இரண்டு பெயர் உடனே வரும். மூன்றாவது ஆளைத் தேடும்போதுதான் யோசனை தொடங்கும். ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியா, தண்ணீர் லாரிக்காரரா, வாரிய அதிகாரியா, குறைந்த விலைக்குச் சட்டை கேட்கும் ஐரோப்பியக் கடைக்காரரா?

இப்படி எழும் கேள்விகளில் தெருவில் இறங்கி அளக்க முடிகிறவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். 1993இலிருந்து நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு இதற்கென்றே இருக்கிறது. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றைக் கேள்வியாக்கி ஆய்வு செய்யலாம். தமிழ்நாட்டில் இதைப் பல ஆண்டுகள் ஒருங்கிணைத்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். "கட்டிங் வேஸ்ட் எங்கே போகிறது?" என்று ஒரு குழு தெருவிலிருந்து தொடங்கினால், நிறம் பிரிக்கும் குடோன், அங்கிருந்து ஓப்பன் எண்ட் நூற்பாலை, மறுபடியும் நூல் என்று ஒரு சுற்று முழுதும் கிடைக்கும்.

கேட்ட பிறகு

நல்ல கேள்வியை ஆசிரியரே கெடுத்துவிடும் இடம் இதுதான். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, பேசாத பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். மூன்று விநாடி வகுப்பில் மிக நீளமாகத் தெரியும். கேட்டுவிட்டு ஜன்னலுக்கு நடந்துபோய்த் திரும்பி வாருங்கள், பொழுது போய்விடும். மின்விசிறிச் சத்தத்துக்கும் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டுக்கும் நடுவில் மௌனம் ஒன்றும் ஆபத்தில்லை.

விடை வந்ததும் "வெரி குட்" சொல்லாதீர்கள். "வெரி குட்" என்றால் தேடல் முடிந்தது என்று மற்ற நாற்பது பேருக்கும் அறிவிப்பு. "வேற யாராவது?", "அது எப்படித் தெரியும்?", "கவிதா சொன்னதுக்கும் நீ சொன்னதுக்கும் என்ன வித்தியாசம்?" போதும்.

நன்னூல் இங்கேயும் உதவும். விடை எட்டு வகை என்கிறது. அதில் உற்றது உரைத்தல் என்று ஒன்று: ஆடுவாயா என்று கேட்டால் கால் வலிக்கிறது என்பது. கேட்டதற்கு நேரான விடை இல்லை, நடந்ததைச் சொல்வது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் அப்படித்தான் விடை சொல்வார்கள். "நிறம் போனால் நீர் சுத்தமா?" என்று கேட்டால், "எங்க ஆத்தா வீட்டுக் கெணத்துத் தண்ணியில பருப்பு வேகாதுங் டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொல்லும். கேட்டதற்குப் பதில் சொல் என்று அதட்டி உட்காரவைக்கத் தோன்றும். அதுதான் அன்று வகுப்புக்கு வந்த முதல் சான்று. பலகையில் எழுதுங்கள். கேள்விக்குக் கேள்வியையே விடையாகச் சொல்வதும் அந்த எட்டில் ஒன்று, வினா எதிர் வினாதல். அதையும் திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேட்கக் கூடாதவை

பிள்ளையின் வீட்டைப் பாடமாக்கும்போது எல்லை தெரிய வேண்டும். "உங்கள் வீட்டில் வாரச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டு விழுக்காட்டுக் கணக்கு நடத்துகிறவர்கள் உண்டு. வேண்டாம். சனிக்கிழமைச் சம்பளம் வீட்டுக்கு வருவதும் வராமல்போவதும் பல பிள்ளைகளுக்கு வலிக்கிற செய்தி. பீஸ் ரேட் கணக்கு வேண்டுமென்றால் கற்பனைத் தொழிலாளி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை ஷிப்ட் வேலை செய்பவருக்கு மணிக் கூலி என்ன, பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு என்ன, ஆர்டர் இல்லாத வாரத்தில் யாருக்கு நட்டம் என்பதெல்லாம் நல்ல கேள்விகள். வீட்டைத் தொடாமலே கேட்க முடியும். "உன் அப்பா என்ன வேலை?" என்று வரிசையாக எழுப்பிக் கேட்பதும் இதே ரகம். தொழில் தெரிந்தவர்கள் தானாகவே கை தூக்குவார்கள்.

கேள்வியால் நீங்கள் எதிர்பாராத செய்தியும் வெளிவரலாம். விடுமுறையில் பிசிறு வெட்டப் போனேன், கைமடிக்குப் போனேன் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை பெருமையாகச் சொல்லும். வகுப்பில் அதை நீட்டாதீர்கள், திட்டவும் வேண்டாம். தனியே கூப்பிட்டுப் பேசுங்கள். பதினான்கு வயதுக்குட்பட்டவரைக் கம்பெனி வேலைக்கு வைப்பது குற்றம். தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். தேவையென்றால் 1098க்கு அழைக்கலாம்.

போர்ஷன்

"இதெல்லாம் செய்தால் போர்ஷன் எப்படி முடிப்பது?" குறுவள மையக் கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. ஒவ்வொரு பீரியடுக்கும் ஒரு பெரிய கேள்வி வேண்டாம். ஒரு பாடத்துக்கு ஒன்று போதும். அதைப் பாடத்தின் முடிவில் வைக்காமல் தொடக்கத்தில் வையுங்கள். கடைசியில் வைத்தால் நேரமில்லாமல் விட்டுவிடுவோம். தொடக்கத்தில் வைத்தால் அடுத்து நடத்தும் வரையறைகளும் சூத்திரங்களும் அந்தக் கேள்விக்கான உதவிகளாகப் போய்ச் சேரும், திரும்ப நடத்தும் நேரம் மிச்சமாகும். பத்தாம் வகுப்பில் ஜனவரிக்குப் பிறகு இதைச் செய்ய முடியாது. அதை ஒப்புக்கொண்டு ஆறு முதல் ஒன்பதுவரை தாராளமாகச் செய்யுங்கள்.

கேள்வியை வகுப்பில் நின்றபடி உருவாக்க முடியாது. முந்தைய நாளே ஒரே வாக்கியத்தில் எழுதி, சத்தமாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பிறகு நான்கைச் சரிபாருங்கள். இதற்கு விடை எனக்கு முழுதாகத் தெரியுமா? தெரியுமென்றால் அது அறிவினா, ஒதுக்கி வையுங்கள். பாடத்தைப் படிக்காமலே விடை சொல்லிவிட முடியுமா? முடியுமென்றால் அது வெறும் அரட்டை. கையில் எடுத்துக் காட்ட ஒரு பொருளோ, அளக்க ஓர் எண்ணோ இருக்கிறதா? எந்தப் பிள்ளையாவது இதைக் கேட்டுத் தலைகுனியுமா?

அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்தை எடுத்து அதற்கு ஒரு கேள்வி எழுதுங்கள். பள்ளியில் இன்னொரு ஆசிரியரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். அவர் உடனே விடை சொல்லிவிட்டால் கேள்வியை மாற்றுங்கள்.